சேனையும் சேம்பும் பெண் பார்த்த கதை

வீட்டுக் கொல்லையில் நாலு செடி வைத்து, அதில் ஒன்று தப்பித் தவறி முளைத்தும்விட்டால், அதற்குப் பிறகு அந்த மனிதனோடு பழகுவது கஷ்டம். வந்தவரை உட்காரச் சொல்ல மாட்டான். தண்ணீர் வேண்டுமா என்று கேட்க மாட்டான். நேராகக் கையைப் பிடித்துக் கொல்லைப்பக்கம் இழுத்துக்கொண்டு போய், "இது இன்னா செடி, சொல்லுங்க பாக்கலாம்" என்பான். தெரிந்தாலும் தெரியாத மாதிரி நிற்க வேண்டும். இல்லாவிட்டால் அவன் முகம் வாடிப்போகும்.

எழுபதுகளின் கடைசியில் நான் அப்படி ஓர் ஆபத்தான மனிதனாக இருந்தேன்.

அப்போது ஜவ்வாது மலைமேல் ஒரு நடுநிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியர் வேலை. சொந்த ஊர் கண்ணமங்கலம். மனைவி சரோஜா செங்கத்துக்காரி. கல்யாணமாகி இரண்டு வருஷம்கூட முடியவில்லை. என் தங்கை வசந்தா பள்ளிக்கூடம் இருந்த அதே மலை ஊரில் நர்ஸ். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்விட்டதால், அவளுக்குப் பிறந்த வீடு என்று சொல்லிக்கொள்ள எங்கள் ஓட்டு வீட்டுக் குவார்ட்டர்ஸ்தான் இருந்தது. பகலெல்லாம் ஊர் ஊராக நடந்து பிரசவம் பார்த்துவிட்டு, சாயங்காலம் செருப்பில் அப்பிய செம்மண்ணோடு வந்து வாசலில் உட்காருவாள். எங்கள் மூன்று பேரில் உருப்படியான வேலை செய்தது அவள் ஒருத்திதான்.

குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் கொஞ்சம் நிலம் இருந்தது. பாதி மேடு, பாதி பள்ளம். பாத்திரம் கழுவுகிற தண்ணீரும் குளிக்கிற தண்ணீரும் பள்ளத்தில் போய்த் தேங்கும். காய்கறி வேண்டுமென்றால் போளூரிலிருந்து பஸ்ஸில் வர வேண்டும். வந்து சேரும்போது கத்தரிக்காய் நம்மைவிடக் களைத்துப் போயிருக்கும். அதனால் நாமே ஏதாவது பயிர் செய்துகொள்வது என்று ஒரு நாள் சாப்பிடும்போது முடிவானது. என்ன பயிர் என்பதுதான் முடிவாகவில்லை.

"சேனக்கெழங்கு வெக்கலாங்க" என்றாள் சரோஜா. "ஒரு கெழங்கு தோண்டுனா ரெண்டு நாளைக்கி வூடே துன்னலாம்."

"சேம்பு வெச்சா சேப்பங்கெழங்கு கெடைக்கும். தண்ணிதான் பின்னாடி சும்மா ஓடுதே" என்றேன் நான்.

"அது கொழகொழன்னு இருக்கும்."

"சேனை மட்டும் இன்னாவாம்? கட்டையக் கடிக்கிற மாதிரி."

இந்த இடத்தில் வசந்தா, "ரெண்டையும் வெச்சித் தொலைங்களேன்" என்றாள். சமாதானத்துக்காகத்தான் சொன்னாள். அது போட்டிக்கான மணியடித்த மாதிரி ஆகிவிட்டது.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இரண்டும் ஒரே குடும்பத்துச் செடிகள். ஆனால் அக்காவுக்கும் தங்கைக்கும் எதிலும் ஒத்துப்போகாத குடும்பம். சேனைக்குத் தண்ணீர் தேங்கினால் ஆகாது, அழுகிவிடும். சேம்புக்குக் கால் எப்போதும் ஈரத்தில் இருக்க வேண்டும். சேனை ஒரு குழிக்கு ஒரே ஒரு தண்டுதான் விடும். பாம்புத் தோல் மாதிரி புள்ளி போட்ட தண்டு, அதன் உச்சியில் விரித்த குடை மாதிரி இலை. அடியில் யானைக் காலடி அளவுக்கு ஒற்றைக் கிழங்கு. சேம்பு கூட்டமாகக் கிளம்பும். ஒவ்வொரு இலையும் முறம் அகலம். மழைத்துளி அதன்மேல் ஒட்டாமல் பாதரசம் மாதிரி உருளும். அடியில் குட்டி குட்டியாகக் கிழங்குகள். இரண்டுக்கும் பொதுவான குணம் ஒன்று உண்டு. பக்குவம் தவறினால் நாக்கையும் தொண்டையையும் அரித்துப் பிடுங்கிவிடும். அறிவியல் ஆசிரியரான எனக்கு இது பாடமாகவே தெரியும். (பாடமாகத் தெரிந்தது எதுவும் சமையலறைவரை வந்து சேராது என்பது மட்டும் தெரியாது.)

வைகாசியில் முதல் மழை பெய்ததும் வேலை ஆரம்பமானது. சரோஜா செங்கத்தில் தன் அம்மா வீட்டிலிருந்து விதைக் கிழங்கு கொண்டுவந்தாள். ஒவ்வொரு துண்டிலும் முளை இருக்கும்படி வெட்டி, சாணிக் கரைசலில் முக்கி, நிழலில் உலர்த்தி, குழியில் சாம்பலும் சருகும் போட்டு நட்டாள். பார்க்கவே பிரமாதமாக இருந்தது. நான் சொல்லவில்லை.

எனக்கு விதை வாங்கப் போளூர்வரை போகிற பொறுமை கிடையாது. பள்ளிக்கூடத்திலிருந்து வருகிற வழியில் ஓடையோரம் சேம்பு தானாகவே செழித்துக் கிடந்தது. அதே இலை, அதே தண்டு. நாலு செடியைப் பிடுங்கி, கிழங்கோடு கொண்டுவந்து பள்ளத்தில் ஊன்றினேன்.

"இது நல்ல சேம்புதானா? காட்டுச் சேம்பா இருக்கப் போவுது" என்றாள் சரோஜா.

"நான் சயின்ஸ் வாத்தியார்" என்றேன். வேறு பதில் தேவைப்படும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

ஆடியில் என் பக்கம் காடாகிவிட்டது. இலைகள் என் இடுப்புக்கு வந்தன. சரோஜாவின் மேட்டில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குடைகள் விரிந்திருந்தன. நான் தினமும் காலையில் பல் தேய்த்துக்கொண்டே பள்ளத்தைச் சுற்றி வருவேன். மேட்டைப் பார்த்து, "பாவம், ஏதோ வருது" என்று அனுதாபமாகச் சொல்வேன். சரோஜா அடுப்படி ஜன்னலிலிருந்து, "எலையவா துன்னப் போறோம்? கெழங்கு வரட்டும்" என்பாள். வசந்தா இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, "செடிங்க ரெண்டும் நல்லாத்தான் கீது. அத வெச்சவங்க ரெண்டு பேருக்குந்தான் ஊசி போடணும்" என்பாள்.

ஐப்பசியில் ஒரு காட்டுப்பன்றி கொல்லைக்குள் புகுந்தது. காலையில் எழுந்து பார்த்தால் மேட்டில் ஒரு சேனைக் குழி தோண்டப்பட்டிருக்கிறது. கிழங்கில் ஒரே ஒரு கடி. மிச்சத்தை அப்படியே போட்டுவிட்டுப் போயிருக்கிறது. பிறகு என் பள்ளத்துக்கு வந்து, நாலு சேம்பைப் புரட்டிப்போட்டு, மோந்து பார்த்துவிட்டுக் கடிக்காமலே போயிருக்கிறது.

"பாத்தியா, உன் கெழங்க ஒரு கடி கடிச்சிட்டுத் துப்பிட்டுப் போயிருக்குது" என்று நான் சந்தோஷப்பட்டேன்.

"என்னுத கடிக்கவாவது செஞ்சிது. உங்களத மோந்து பாத்தே ஓடிப்போயிருக்குது" என்றாள் அவள்.

மூளையுள்ள மனிதர்கள் அன்றைக்கே உட்கார்ந்து யோசித்திருப்பார்கள். காட்டில் கண்டதையும் தின்கிற ஒரு பிராணி இரண்டையும் வேண்டாமென்று விட்டுப் போகிறதே, ஏன் என்று. நாங்கள் அது எதை அதிகமாக அவமதித்தது என்று மதியம்வரை சண்டை போட்டோம்.

அந்தச் சமயத்தில்தான் வசந்தாவுக்கு ஒரு வரன் வந்தது.

சரோஜாவின் தாய்மாமன் கொண்டுவந்த சம்பந்தம். மாப்பிள்ளை ஏகாம்பரம், போளூரில் மோட்டார் பம்புசெட் பழுது பார்க்கிற கடை வைத்திருந்தார். நல்ல பையன், நல்ல தொழில், எந்தக் கெட்ட பழக்கமும் இல்லை. ஒரே ஒரு சிக்கல், அவருடைய அப்பா. பெயர் முனிரத்தினம். நெல் மண்டியில் ஏலம் கூறுகிறவர். அவர் மண்டியில் நின்று விலை சொன்னால் ரயிலுக்குக் காத்திருப்பவர்களுக்குக் கேட்கும் என்று போளூரில் சொல்வார்களாம். வீட்டிலும் அதே குரல்தான். அவர் பேச ஆரம்பித்தால் அடுத்தவர் வாய் திறக்க இடம் கிடைக்காது.

ஏற்கெனவே வசந்தாவுக்கு வந்த இரண்டு வரன்கள் ஒரே காரணத்தால் தட்டிப் போயிருந்தன. "மலையில ஊர் ஊரா சுத்துற வேல வேணாம், வுட்டுடணும்" என்றார்கள். வசந்தா முடியாது என்றாள். இரண்டாவது வரன் போனபோது அவள் அழவில்லை. சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டு, "எனக்கு இது ஒண்ணுதான் அண்ணா ஒழுங்கா வரும். அதையும் வுட்டுட்டு நான் இன்னா செய்யறது?" என்று மட்டும் கேட்டாள். முனிரத்தினமும் அதே நிபந்தனையோடுதான் வருகிறார் என்று மாமா முன்கூட்டியே சொல்லியிருந்தார். நேரில் பேசிக்கொள்ளலாம், பெண்ணைப் பார்த்தால் மனசு மாறும் என்று எங்களை நாங்களே தேற்றிக்கொண்டோம்.

கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வருவதாக ஏற்பாடு. அந்த வாரம் பார்த்து விடாத மழை. மலைப்பாதையில் மரம் விழுந்து பஸ் நின்றுவிட்டது. வீட்டில் சாமை இருந்தது, அரிசி இருந்தது, பருப்பு இருந்தது. காய் என்று சொல்ல ஒரு முருங்கைக்காய்கூட இல்லை. மரத்தை அறுத்து அகற்றிய பிறகு மேலே வந்த முதல் பஸ்ஸில் காய்கறி வரவில்லை, சம்பந்தி வீட்டார்தான் வந்தார்கள்.

ஆக, முந்தின நாளே நாங்கள் இரண்டு பேரும் கொல்லையில் கடப்பாரையோடு நின்றோம். சேனைக்கு இன்னும் இலை பழுத்துச் சாயவில்லை. ஒரு மாசமாவது போக வேண்டும் என்று சரோஜாவுக்குத் தெரியும். ஆனால் நான் சேம்பைத் தோண்டிக் கூடையில் போடுவதைப் பார்த்துக்கொண்டு அவளால் சும்மா இருக்க முடியவில்லை. விருந்தில் என் கிழங்கு மட்டும் இலைக்கு ஏறி, அவளுடையது மண்ணிலேயே கிடப்பதா?

அந்த நேரத்தில்தான் எனக்கு அந்த அருமையான யோசனை உதித்தது. "ரெண்டையும் வறுப்போம். வர்றவங்களையே கேட்டுரலாம், எது நல்லாக்கீதுன்னு."

பெண் பார்க்க வருகிறவர்களை நீதிபதியாக்கிக் கிழங்குப் போட்டிக்குத் தீர்ப்புக் கேட்கிற ஒரு மனிதனுக்குத் தமிழ்நாட்டில் எப்படிப் பெண் கொடுத்தார்கள் என்று நீங்கள் கேட்கலாம். சரோஜாவும் பல தடவை கேட்டிருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அடுப்படியில் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்தோம். சேனையைப் புளித்தண்ணீரில் வேகவைத்தால் அரிப்பு போகும். சரோஜாவுக்கு அது கைவந்த விஷயம். ஆனால் புளி சேர்த்தால் துண்டு கறுத்துப்போகும். என் சேம்புக்குப் பக்கத்தில் அவள் சேனை கறுப்பாக இருப்பதா? வெறும் மஞ்சளும் உப்பும் போட்டு வேகவைத்தாள். மலை முழுக்கப் புளியமரம், வீட்டில் பானை நிறையப் புளி, அதில் ஒரு நெல்லிக்காய் அளவுகூட அன்று செலவாகவில்லை. நான் என் பங்குக்குச் சேம்பை அரைவேக்காட்டில் இறக்கச் சொன்னேன். நன்றாக வெந்தால் கொழகொழப்பாகிவிடும். "கொழகொழ" என்று அவள் சொன்ன வார்த்தை வைகாசியிலிருந்து என் மனசில் உறுத்திக்கொண்டிருந்தது.

தோல் சீவும்போதே என் விரலிடுக்கெல்லாம் அரித்தது. கொசு கடித்திருக்கும் என்று வேட்டியில் துடைத்துக்கொண்டேன். நிமிர்ந்து பார்த்தால் சரோஜா முதுகைத் திருப்பிக்கொண்டு முந்தானையில் கையைப் பரபரவென்று தேய்க்கிறாள்.

"இன்னா, கை அரிக்கிதா?" என்றேன்.

"எனக்கு ஒண்ணும் இல்லியே. உங்களுக்கு?"

"எனக்கா? சேச்சே."

ஒப்புக்கொண்டால் தோல்வி. இரண்டு பேரும் அரிக்கிற கையோடு சிரித்துக்கொண்டே வறுத்தோம். விருந்தாளிகள் சாப்பிடுவதற்கு முன்னால் ருசி பார்ப்பது சரோஜா பிறந்த வீட்டில் வழக்கமில்லை. என் வீட்டில் வழக்கம் உண்டு, நான் பார்த்திருக்கலாம். அதற்குள் பஸ் வந்துவிட்டது.

பஸ்ஸிலிருந்து முதலில் இறங்கியது குரல்தான். "இன்னா ரோடுய்யா இது, வளைவா சுத்தி வுட்டுட்டான்! வாத்தியாரே, நீங்கதானா பொண்ணோட அண்ணன்? நல்லாகீறீங்களா?" முனிரத்தினம் நல்ல உயரம், வெள்ளை மீசை, தோளில் ஜரிகைத் துண்டு. பின்னால் ஏகாம்பரம், புதுச் சட்டை, கையில் பழத்தட்டு, முகத்தில் கூச்சம். கடைசியாக அவருடைய அம்மா கமலம்மாள். மலைவளைவுகளில் வாந்தியெடுத்து அவர் முகம் வெளுத்திருந்தது. சரோஜா கைத்தாங்கலாக அழைத்துவந்து பாயில் உட்காரவைத்தாள். "எனக்கு மோர் மட்டும் போதும்மா" என்றார். அதுகூட அவர் கணவர் மூச்சு வாங்கிய இடைவெளியில் சொன்னதுதான்.

முனிரத்தினம் உட்கார்ந்ததும் பேசினார். ஜாதகம், மழை, நெல் விலை, பம்புசெட், மாமா, மாமாவின் மச்சான், எல்லாவற்றையும் பேசினார். கமலம்மாள் இரண்டு தடவை ஏதோ சொல்ல வாயெடுத்தார். இரண்டு தடவையும் அந்த வார்த்தை தொண்டைக்கே திரும்பிப் போனது. கடைசியில் முனிரத்தினம் விஷயத்துக்கு வந்தார்.

"வாத்தியாரே, எனக்கு ஒளிவு மறைவு கெடையாது. நக வேணும், பணம் வேணும்னு நான் கேக்க மாட்டேன். ஒண்ணே ஒண்ணு. பொண்ணு வேலைய வுட்டுடணும். மருமவ மல மேல, புள்ள மல கீழ, ஊரு சிரிக்கும். சரின்னு சொல்லுங்க, இன்னைக்கே தட்டு மாத்திக்கலாம்."

உள் அறைக் கதவுக்குப் பின்னால் பட்டுப்புடவை சரசரத்தது, பிறகு அசைவில்லை. ஏகாம்பரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சரோஜா என்னைப் பார்த்தாள். முடியாது என்று சொன்னால் இந்த வரனும் போய்விடும். சரி என்றால் வசந்தாவின் முகத்தில் எப்படி விழிப்பது? இந்தக் கட்டத்தில் ஓர் அண்ணன் எழுந்து நின்று பேச வேண்டும்.

"மொதல்ல சாப்ட்டுருவோம்" என்றேன் நான்.

இலை போட்டாயிற்று. சாதம், பருப்பு, ரசம், அப்பளம். இலையின் இந்தப் பக்கம் பொன்னிறமாகச் சேனை வறுவல், அந்தப் பக்கம் வட்ட வட்டமாகச் சேப்பங்கிழங்கு வறுவல். சூழ்நிலையின் இறுக்கத்தைக் குறைக்க வேண்டுமே என்று நான் என் வேடிக்கையை அவிழ்த்துவிட்டேன். "ரெண்டும் நம்ம கொல்லையில வெளஞ்சது. அவ வெச்சது சேன, நான் வெச்சது சேம்பு. எது ஒஸ்தின்னு நீங்கதான் தீர்ப்பு சொல்லணும்."

முனிரத்தினத்துக்கு முகம் மலர்ந்துவிட்டது. வாழ்நாளெல்லாம் மூட்டையில் கையை விட்டு நெல்லைப் பார்த்து விலை சொன்ன மனிதர். "தீர்ப்புதானே? குடுத்துருவோம்!" என்று இந்தப் பக்கம் ஒரு வாய், அந்தப் பக்கம் ஒரு வாய் என்று மாற்றி மாற்றிப் போட்டார். "சேன நல்லா மொறுமொறுன்னு கீது… இரு இரு… சேம்பும் சும்மா இல்ல… இன்னும் ரெண்டு வைமா, அவசரப்பட்டுத் தீர்ப்பு சொல்லக் கூடாது." அப்பா சாப்பிடுகிற வேகத்தைப் பார்த்து ஏகாம்பரமும் மரியாதைக்கு இரண்டிலும் எடுத்துக்கொண்டார்.

"ஒரு விசயம் பாரு வாத்தியாரே, கெழங்குன்னா அது…" என்று ஆரம்பித்தவர் நின்றார். ஒரு தடவை செருமினார். மறுபடி செருமினார். கண்கள் மெல்லப் பெரிதாயின. ஏலக்காரர் குரல் இருந்த இடத்திலிருந்து "க்ர்ர்" என்று ஒரு சத்தம் வந்தது.

"இன்னாங்க, காரமா?" என்றாள் சரோஜா.

அவர் தொண்டையைப் பிடித்துக்கொண்டு தலையை ஆட்டினார். ஏகாம்பரத்தின் கண்ணிலிருந்து தாரையாகத் தண்ணீர் கொட்டியது. ஆனாலும் பெண் வீட்டில் குறை சொல்லக் கூடாது என்று வளர்த்த பிள்ளை. "நல்லா… இருக்குங்க" என்று முனகிவிட்டு இன்னொரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். (அவர்மேல் எனக்கு மரியாதை வந்தது அந்த நொடியில்தான்.)

நான் என்ன செய்திருக்க வேண்டும்? இலையை எடுத்திருக்க வேண்டும். "அதெல்லாம் ஒண்ணும் இருக்காது, இதோ பாருங்க" என்று இரண்டிலும் ஒரு பிடி அள்ளி என் வாயில் போட்டு மென்று காட்டினேன். நாக்கில் ஆயிரம் ஊசி. தொண்டைக்குள் யாரோ தென்னந்துடைப்பத்தால் பெருக்குகிற மாதிரி. நான் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அப்போது கதவு திறந்தது.

அன்றைக்கு வசந்தா தலை நிறையப் பூவோடு, தலை குனிந்து, காபித் தட்டோடு வர வேண்டும் என்று சரோஜா ஒரு வாரமாகச் சொல்லிக் கொடுத்திருந்தாள். வந்தவள் பட்டுப்புடவை முந்தானையை இடுப்பில் செருகியிருந்தாள். ஒரு கையில் மருந்துப் பை, மறு கையில் டார்ச். "அண்ணி, புளியக் கரைங்க, கெட்டியா. மோரு எவ்ளோ கீதோ அவ்ளோ கொண்டாங்க. வெல்லமும் எடுங்க" என்று சொல்லிக்கொண்டே முனிரத்தினத்தின் எதிரில் மண்டியிட்டாள்.

"மூச்சு வுட முடியுதா? பேசாதீங்க, தலைய மட்டும் ஆட்டுங்க."

அவர் ஆட்டினார்.

"வாயத் தொறங்க. பெருசா. நாக்க நீட்டுங்க."

போளூர் மண்டியையே அதட்டியவர் சின்னப் பிள்ளை மாதிரி நாக்கை நீட்டினார். அவள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு அடுத்து ஏகாம்பரத்திடம் நகர்ந்தாள். என் தங்கையின் வருங்காலக் கணவர் அவளுக்கு முதன்முதலில் காட்டியது நாக்கைத்தான், அதுவும் வீங்கிய நாக்கு. அவள் அதை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள். "இவருக்குப் பரவால்ல" என்றாள். அவர் நாக்கை உள்ளே இழுக்க மறந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பெண் பார்க்க வந்தவர்களைப் பெண் வரிசையாக உட்காரவைத்துப் பார்த்தது எங்கள் வீட்டில் மட்டும்தான் நடந்திருக்கும். என் முறை வந்தபோது நாக்கைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்தாள். "சயின்ஸ் வாத்தியார்" என்றாள்.

புளித்தண்ணீரில் கொப்பளித்து, மோரைக் குடித்து, ஆளுக்கொரு வெல்லக்கட்டியை வாயில் அடக்கிக்கொண்டு மூன்று ஆண்களும் சுவரோரமாக வரிசையாக உட்கார்ந்தோம். முனிரத்தினத்துக்குக் கொஞ்சம் தெளிந்ததும் விரலை உயர்த்திக்கொண்டு வாயைத் திறந்தார். வசந்தா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். "பேசுனா தொண்ட இன்னும் வீங்கும். சாய்ங்காலம் வரைக்கும் ஒரு வார்த்த பேசக் கூடாது."

அந்த வீட்டில் அப்படி ஓர் அமைதி வந்தது. ஓட்டிலிருந்து மழைநீர் சொட்டுவதுகூடக் கேட்டது. அந்த அமைதியில் ஒரு சிரிப்புச் சத்தம். பாயில் உட்கார்ந்திருந்த கமலம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தார். மோர் மட்டும் குடித்ததால் வந்தவர்களில் அவர் ஒருவருக்குத்தான் தொண்டை ஒழுங்காக இருந்தது.

"கட்டிக்கினு வந்த நாள்லேர்ந்து இப்பதாம்மா இந்த மனுசன் வாய மூடிப் பாக்கறேன்" என்றார். பிறகு வசந்தாவைக் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். "நீ எந்தெந்த ஊருக்குப் போவ? நடந்தேவா? மழையிலயுமா?"

வசந்தா சொன்னாள். போகிற ஊர்களை, ஓடையில் தண்ணீர் வந்தால் சுற்றிப் போகிற பாதையை, போன வாரம் பிறந்த இரட்டைக் குழந்தைகளை. பெண் பார்க்க வந்த யாரும் அதுவரை அவளிடம் அதைக் கேட்டதில்லை. அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நானும் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

கமலம்மாள் எல்லாவற்றையும் கேட்டு முடித்தார். "இவன் பொறக்கறப்ப கழுத்துல கொடி சுத்திக்கிச்சு" என்று மகனைக் காட்டினார். "வூட்ல எல்லாரும் கைய வுட்டுட்டாங்க. உன்ன மாதிரி ஒரு நர்சம்மா சைக்கிள்ல வந்து எறங்குனா. அவ வரலன்னா நானும் இல்ல, இவனும் இல்ல. அந்தப் பொண்ணு யாரு, இன்னான்னு கேக்கக்கூட எனக்கு அப்ப தெம்பு இல்ல." பிறகு சுவரோரம் திரும்பினார். "அப்பறம் இன்னாத்துக்கு இந்தப் பொண்ணு வேலைய வுடணும்?"

முனிரத்தினம் இரண்டு கையையும் காற்றில் வீசினார். ஏதோ நீண்ட வாதம். அதில் ஒரு வார்த்தையும் வெளியே வரவில்லை.

"நர்சம்மா பேசக் கூடாதுன்னு சொன்னது காதுல வுழல?" என்றார் கமலம்மாள். "போளூர்லேர்ந்து பஸ்ஸு வருதில்ல? மாத்தல் கெடைக்கிற வரைக்கும் இவன் வாராவாரம் வந்துட்டுப் போவட்டும். மலை ஏறுனா கால் தேஞ்சா பூடும்? டேய், உனக்குப் புடிச்சிருக்குதா?"

ஏகாம்பரம் வாயில் வெல்லத்தோடு, "ம்ம்ம்" என்றார். அவ்வளவு உறுதியான "ம்ம்ம்" நான் கேட்டதில்லை.

"உனக்கும்மா?"

வசந்தா அப்போதுதான் முந்தானை இடுப்பில் செருகியிருப்பது ஞாபகம் வந்து அதை எடுத்துவிட்டுக்கொண்டாள். தலையைக் குனிந்து சிரித்தாள். "வேலைய வுடத் தேவையில்லன்னா சரிங்க அத்தே."

அடுப்படி வாசலில் நின்றிருந்த சரோஜா சத்தம் போட்டு அழ ஆரம்பித்துவிட்டாள். அழுதுகொண்டே கையால் கண்ணைத் துடைத்தாள். அது சேனை சீவிய கை. அடுத்த பத்து நிமிஷம் வசந்தா அண்ணியின் கண்ணைக் கழுவிக்கொண்டிருந்தாள். தட்டு மாற்றும்போது எங்கள் வீட்டில் சிவக்காத கண் கமலம்மாளுடையதும் வசந்தாவுடையதும் மட்டும்தான்.

சாயங்கால பஸ்ஸுக்கு வழியனுப்பப் போனோம். முனிரத்தினத்தின் முகம் இறுக்கமாக இருந்தது. தொண்டை சரியானதும் எல்லாவற்றையும் கவிழ்த்துவிடுவாரோ என்று எனக்குப் பயம். பஸ் புறப்படுகிற நேரத்தில் அவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி என்னைக் கிட்டே வரச் சொல்லிக் கைகாட்டினார். ஓடினேன். சரோஜாவும் ஓடிவந்தாள். அவர் செருமினார். தொண்டையைத் தடவிக்கொண்டார். தீர்ப்பு சொல்லப் போகிறார் என்று தெரிந்துவிட்டது.

"வாத்தியாரே" என்றார் கரகரத்த குரலில். "சே…"

அதற்குமேல் குரல் வரவில்லை. பஸ் புறப்பட்டுவிட்டது.

"கேட்டீங்களா? சேனன்னு சொல்ல வந்தாரு" என்றாள் சரோஜா.

"சேம்புன்னு" என்றேன் நான்.

வசந்தா பஸ் போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றாள். "ரெண்டும் இல்ல. வெறும் 'சே!' தான்" என்றாள்.

தை மாதம் கல்யாணம். வசந்தா வேலையை விடவில்லை. மாற்றல் கிடைக்கும்வரை ஏகாம்பரம் சனிக்கிழமை தவறாமல் கடைசி பஸ்ஸில் மேலே வந்தார். பிறகு போளூருக்குப் பக்கத்திலேயே அவளுக்கு இடம் கிடைத்தது. மண்டிக்கு வருகிற விவசாயிகளிடமெல்லாம், "என் மருமவ நர்சம்மா, வாயத் தொறன்னா மந்திரியா இருந்தாலும் தொறக்கணும்" என்று முனிரத்தினம் ஏலக் குரலில் பெருமையடித்துக்கொள்வார். ஆனால் அன்றைக்கு ஜன்னலில் என்ன சொல்ல வந்தார் என்பதை மட்டும் கடைசிவரை அவர் சொல்லவில்லை. கல்யாணத்தில் கேட்டோம், பேரன் பிறந்தபோது கேட்டோம், நான் ஓய்வு பெற்ற விருந்தில் எழுந்து நின்று எல்லார் முன்னாலும் கேட்டேன். மீசையைத் தடவிக்கொண்டு சிரிப்பார். எத்தனையோ வார்த்தை பேசிய மனிதர், அந்த ஒரு வார்த்தையை முடிக்காமலே போய்ச் சேர்ந்துவிட்டார்.

இன்றும் எங்கள் குடும்பத்தில் இரண்டு பொருளைக் காட்டி எது நல்லது என்று யாரும் யாரையும் கேட்க முடியாது. இரண்டு புடவையைக் காட்டினாலும், இரண்டு கல்லூரியின் பேரைச் சொன்னாலும், கேட்கப்பட்டவர் நிதானமாகத் தொண்டையைச் செருமிக்கொள்வார். "சே…" என்பார். அப்புறம் அங்கே பேச்சு எடுபடாது. போன மாதம் வசந்தாவின் பேத்திக்கு இரண்டு வரன் ஒரே சமயத்தில் வந்தது. இரண்டு போட்டோவையும் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பெண் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். பிறகு தொண்டையைச் செருமினாள்.